கூடலூருக்குப் போன தப்பு நடை

என் கம்பியூட்டரில் ஒரு மிடி ஃபைல் இருக்கிறது. ஏழு கிலோபைட்தான். திறந்து ஓடவிட்டால் ஒரு சத்தமும் வராது. ஆனாலும் பசறைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், கொரோனாவுக்கு முந்தின ஒரு மாசி மாத இரவில், நான்கு பேர் சேர்ந்து அடித்த தப்பு மேளத்தின் நடை முழுக்க அதற்குள் இருக்கிறது. எங்கே நிதானித்தார்கள், எங்கே இழுத்துப் பிடித்தார்கள், காமன் கூத்தின் வீரபத்திரன் வேஷம் பொட்டலுக்குள் இறங்கினபோது எவ்வளவு வேகமெடுத்தார்கள் என்று அடிக்கு அடி கணக்கு. அந்தக் கணக்கு இலங்கையின் பதுளையிலிருந்து நீலகிரிக் கூடலூருக்குப் போய், என் அத்தையின் பாட்டுக்கு நடை காட்டியது. ஒரு மென்பொருளிலிருந்து இன்னொரு மென்பொருளுக்கு டெம்போவைக் கொண்டுபோவது என்று சொன்னால் ஸ்டூடியோக்காரர்களின் சில்லறை வேலை என்று தோன்றும். எங்கள் குடும்பத்துக்கு அது அப்படி இருக்கவில்லை.

மிடி என்ற பேரை நான் முதலில் கேட்டது திருவிழா மேடைக்குப் பின்னால். தொண்ணூறுகளின் கடைசி. பதுளை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கமெல்லாம் இசைக்குழுக்கள் ஓடித் திரிந்த காலம். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் கடைசி நாள் இரவு கச்சேரி இல்லாமல் இருக்காது. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாப்பி டிஸ்க்கை எடுத்து யமஹா கீபோர்டில் சொருகுவார். டிரம்ஸ், பேஸ், வயலின் எல்லாம் தானாக எழும்பும். மேலே அவர் மெட்டை மட்டும் வாசிப்பார். அந்த டிஸ்க்கின் கொள்ளளவு 1.44 எம்பி. சிடி தரத்தில் ஒரு நிமிடப் பாட்டுக்கே 10 எம்பி வேண்டும். அப்படியிருக்க ஒரே டிஸ்க்கில் முப்பது நாற்பது பாட்டு எப்படி அடங்குகிறது என்று கேட்டேன். “இதுல பாட்டே இல்லடா தம்பி. எந்தக் கட்டைய எப்ப அமுக்கணும், எப்ப விடணும்ங்கிற கணக்குதான் இருக்கு. சத்தம் இந்தப் பொட்டிக்குள்ள இருக்கு” என்றார். அந்த ஒரு பதில் போதும், என்னை இந்தத் தொழிலுக்குள் தள்ளிவிட.

பிறகுதான் அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவி வணிகக் கண்காட்சி ஒன்றில், சீக்வென்ஷியல் சர்க்கிட்ஸ் கம்பெனியின் கீபோர்டையும் ஜப்பானிய ரோலண்ட் கம்பெனியின் கீபோர்டையும் ஒரு வயரால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் மற்றதும் பாடியது. டேவ் ஸ்மித், இக்குதாரோ காக்கேஹாஷி என்ற போட்டிக் கம்பெனிக்காரர் இருவர் முன்னின்று, பொதுமொழி ஒன்று வேண்டும் என்று ஒத்துப்போனதால் நடந்த காரியம். அதற்காக முப்பது வருஷம் கழித்து, 2013இல், இருவருக்கும் கிராமி விருது கொடுத்தார்கள். எங்கள் பதுளையில் 1983 என்றால் ஆடிக் கலவரம்தான். டவுனில் தமிழர் கடைகள் எரிந்த வருஷம். உலகத்தின் ஒரு மூலையில் கருவிகள் ஒன்றுக்கொன்று பேசத் தொடங்கிய அதே வருஷத்தில் எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்தினார்கள். இந்த இரண்டையும் என்னால் பிரித்து நினைக்க முடிவதில்லை.

வயர் வழியாகப் போன அந்தப் பேச்சை ஃபைலாகச் சேமிக்கும் பொது முறை 1988இல் வந்தது. அன்றைக்கு வகுத்த முறைதான் இன்றைக்கும். ஃபைலின் தலைப்பில், ஒரு கால்சுரத்தை (குவார்ட்டர் நோட்) எத்தனை நுண்துண்டுகளாக வெட்டியிருக்கிறோம் என்ற எண் இருக்கும். பெரும்பாலும் 480 அல்லது 960. அதன் பிறகு சுரங்கள். அவற்றோடு டெம்போவும், அதாவது நடையின் வேகமும். டெம்போவை அந்த ஃபைல் நிமிடத்துக்கு இத்தனை அடி என்று எழுதி வைப்பதில்லை. ஒரு கால்சுரம் எத்தனை மைக்ரோ செக்கன் நீள்கிறது, அதாவது ஒரு செக்கனில் பத்து லட்சத்தில் ஒரு பங்காக எண்ணினால் எத்தனை பங்கு, என்று எழுதுகிறது. நிமிடத்துக்கு 120 என்றால் 500,000. நிமிடத்துக்கு 96 என்றால் 625,000. இந்த எண்ணுக்கு மூன்று பைட், ‘இது டெம்போ’ என்று அடையாளம் சொல்ல மூன்று பைட், முந்தின மாற்றத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று சொல்ல ஓரிரண்டு பைட். மொத்தம் எட்டு பைட்டுக்குள் ஒரு தப்படியின் நீளம் அடங்கிவிடும். சுரமே இல்லாமல் இந்த டெம்போக்களை மட்டும் வரிசையாக வைத்திருக்கும் ஃபைலைத்தான் நாங்கள் டெம்போ மேப் என்போம்.

இனி அத்தைக்கு வருகிறேன். 1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக ஆட்களைத் தலைக்கணக்குப் போட்டுப் பிரித்தது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று. அந்த மீதியையும் 1974இல் ஆளுக்குப் பாதி, 75,000 பேராகப் பிரித்துக்கொண்டார்கள். அத்தை கல்யாணம் கட்டிப்போன வீட்டில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுபதுகளில் பதுளை ஸ்டேஷனில் ஏறினார்கள். தாயகம் திரும்புகிறவர்களை ஏற்றிப்போன அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்றே எங்கள் சனம் சொல்லும். தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அதற்கப்புறம் கூடலூர். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை போட்டிருந்தது. 1976இல் அது டேன்டீ என்ற கழகமாயிற்று. பந்தலூர், சேரம்பாடி, நெல்லியாளம் என்று அங்கேயும் லயங்கள், அங்கேயும் கொழுந்து. அத்தை ஓய்வு பெறும் வரைக்கும் அங்கேதான் கொழுந்து பறித்தார்.

என் தாத்தா, அத்தையின் அப்பா, காமன் கூத்து வாத்தியார். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறையில் கம்பம் ஊன்றி, பௌர்ணமி வரை ரதி மன்மதன் கதையை ஆடுவார்கள். சிவனின் தவத்தைக் கலைத்த காமன் எரிந்து போவான். ரதி புலம்புவாள். மூன்றாம் நாள் காமன் எழும்புவான். ரதி வேஷமும் ஆண் பிள்ளைதான் கட்டும். பெண்கள் பொட்டலைச் சுற்றி உட்கார்ந்து விடிய விடியப் பார்ப்பார்கள். அத்தை அப்படிப் பார்த்தே ரதியின் புலம்பல் முழுவதையும் மனப்பாடம் ஆக்கியவர். தாத்தா எதையும் நோட்டில் எழுதி வைக்கவில்லை. அவர் போன பிறகு எங்கள் தோட்டத்தில் பாட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. வாத்தியார் மாற மாற இரண்டு அடி போகும், அப்புறம் நாலு அடி போகும். தப்பு மட்டும் குறையவில்லை. தகப்பனிடமிருந்து மகனுக்கு என்று அது கையோடு வந்தது. கடைசியில் அடி இங்கேயும் பாட்டு கூடலூரிலுமாக நின்றுவிட்டது.

இரண்டையும் சேர்க்க வேண்டும் என்று சொன்னது மச்சான், அத்தையின் மகன். கூடலூரில் சின்னதாக ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கிறான். கோயில் பாட்டு, கல்யாண வீடியோ இசை என்று ஓடுகிறது. அவனுடைய ஒலிப்பதிவு மென்பொருள் ஆப்பிள் கம்பியூட்டரில் லாஜிக். என்னுடையது பதுளை டவுனில் ஒற்றை அறை, விண்டோஸ், கியூபேஸ். எழுபது கடந்த அத்தைக்கு முட்டி வலி; விமானம் ஏற்றிக் கூட்டிவருவது நடக்கிற காரியமில்லை. தப்புக்காரர்கள் இங்கே அடிக்க, வாட்ஸ்அப் காலில் அத்தையைப் பாடச் சொல்லலாமா என்று முதலில் யோசித்தான். சத்தம் கடல் தாண்டிப் போய்த் திரும்புவதற்குள் அடி முன்னால் போய்விடும், தாளம் நிற்காது. முதலில் தப்பைப் பதிவு செய்வோம், அதன் மேல் அத்தை பாடட்டும் என்று முடிவாயிற்று.

பதிவுக்குப் போன அன்று பசறையில் நல்ல பனி. நமுனுகுல மலை சாயந்திரமே மறைந்துவிட்டது. பனியில் தப்பின் தோல் தொய்ந்து போகும். பொட்டலுக்குப் பக்கத்தில் கவ்வாத்து வெட்டிக் காய வைத்த மிலாறைப் போட்டு நெருப்பு மூட்டியிருந்தார்கள். தப்புக்கார மாமா தன் தப்பை நெருப்புக்கு ஒரு முழம் மேலே பிடித்து, மெதுவாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். நடு நடுவே விரல் கணுவால் ஒரு தட்டு. முதலில் ‘தொம்’ என்றது கொஞ்ச நேரத்தில் ‘டங்’ என்றது. இன்னும் காட்டினார். ‘டிங்’ என்று கூர்மையாக வந்ததும் தோளில் மாட்டிக்கொண்டார். சூடேறின தோலில் குச்சி துள்ளித் திரும்பும், கை கூடுதலாக ஓடும். அன்றைய பதிவை இன்று போட்டாலும், எந்த இடத்தில் தப்பைக் காய்ச்சிக்கொண்டு வந்தார்கள் என்பதை நடையின் வேகத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

நான்கு மைக், பேட்டரியில் ஓடும் ரெக்கோர்டர். வீரபத்திரன் இறங்குவதிலிருந்து காமன் எரிந்து, ரதியின் புலம்பல் முடிகிற வரைக்கும் ஒன்பது நிமிடத்தை எடுத்துக்கொண்டோம். அது மட்டும் முந்நூறு எம்பிக்கு மேல் வந்தது.

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இப்போது பாட்டு செய்கிற பெரும்பாலோர் முதலில் ஒரு வேகத்தை முடிவு செய்து, கிளிக் என்ற தாளக் கணக்குச் சத்தத்தை ஓடவிட்டு, அதற்கு மேல் வாசிக்கச் சொல்வார்கள். கம்பியூட்டர் கோடு போட்ட தாளில் எல்லாரும் எழுத வேண்டும். மாமாவையும் ஒரு தடவை அப்படி அடிக்க வைக்கப் பார்த்தேன். ஹெட்போனில் கிளிக்கைக் கேட்டவர் நாலு சுற்று அடித்துவிட்டுக் குச்சியைத் தாழ்த்தினார். “என்னா மருமகனே, காதுக்குள்ள பல்லி கத்துது. அது கூப்பிடுற எடத்துக்கு நான் போனா, ரதிக்கு யாரு அடிக்கிறது?” என்றார். அவர் கேட்டது நியாயம். கூத்தில் தப்புக்காரர் ஆடுகிறவனின் காலைப் பார்த்து அடிக்கிறார். கால் பிந்தினால் அடி பிந்தும். மூச்சு வாங்கினால் அடி காத்து நிற்கும்.

தப்பு அடிக்கிறவர்களை எங்கள் தோட்டங்களில் எப்படி நடத்தினோம் என்பதும் எனக்குத் தெரியும். பெரட்டுக்கு ஆள் கூப்பிடத் தப்பு வேண்டும், சாமி புறப்படத் தப்பு வேண்டும், சாவு வீட்டுக்குத் தப்பு வேண்டும். அடிக்கிறவரை மட்டும் வாசலோடு நிறுத்தினார்கள். இப்போது வேறு விதமாக நிறுத்துகிறோம். தப்புச் சத்தம் வேண்டும் என்றால் யாரோ எங்கோ பதிந்த ஒரு துண்டைக் கம்பியூட்டரில் போட்டு, ஒரே வேகத்தில் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறோம். ஆள் தேவைப்படுவதில்லை. மாமாவின் அடியை அப்படி நறுக்கிக் கோட்டில் உட்காரவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் அடித்த இடத்துக்குக் கோடு வரட்டும் என்று இருந்தேன். டெம்போ மேப் போடுவது என்றால் அதுதான்: பாட்டை நகர்த்தாமல், பாட்டுக்குப் பொருந்துகிற மாதிரி கோடுகளை நகர்த்துவது.

அதற்கு மாமாவையே ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னேன். பதிவை ஓடவிட்டு, தாளம் விழுகிற இடத்தில் எல்லாம் கீபோர்டில் ஒரு கட்டையைத் தட்டச் சொன்னேன். தட்டியதிலிருந்து டெம்போவைக் கணக்கிட்டுத் தரும் வசதி கியூபேஸில் உண்டு. மாமா நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணை மூடி, ஆள்காட்டி விரலால் தட்டினார். நாலு தப்பின் இரைச்சலில் எது முதல் அடி என்று எனக்கு இருந்த சந்தேகமெல்லாம் அந்த விரலைப் பார்த்ததும் தீர்ந்தது. ஆடுகிறவனின் வலது கால் ஊன்றும் இடம்தான் அவருக்கு ஒன்று. புலம்பலில் ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் விரலைத் தூக்கிவிட்டுக் கொஞ்சம் காத்திருந்து அப்புறம் தட்டினார். பதிவிலும் தப்பு அங்கே அப்படித்தான் தாமதித்தது. பாடுகிறவன் அந்த இடத்தில் ஒன்றும் செய்யவில்லை. அவன் பாட்டு முன்னாலேயே முடிந்துவிடுகிறது. ஏன் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “எங்கப்பா அப்படித்தான் அடிச்சாரு” என்றார்.

தட்டின இடங்களைப் பிறகு நான் அலைவடிவத்தைப் பார்த்துத் திருத்தினேன். ஒவ்வொரு அடியிலும் கோட்டைப் பிடித்து, குச்சி தோலில் விழுந்த முனைக்குக் கொண்டுவந்து வைக்கிற வேலை. பொறுமை வேண்டும். வேலையைத் தொடங்குவதற்கு முன், டெம்போ மாறினாலும் ஒலி நீளக் கூடாது, சுருங்கக் கூடாது என்று அந்த ட்ராக்கைக் கட்டிப்போட வேண்டும். இல்லாவிட்டால் கோட்டை இழுக்கும்போது தப்பும் சேர்ந்து இழுபடும்.

மச்சானுக்கு வெறும் ஒலியை அனுப்பினால் போதாதா என்று கேட்கலாம். அத்தை மேலே பாடுவதற்கு மட்டும் என்றால் போதும். ஆனால் அவன் அதன் கீழே ஆர்மோனியத்தின் ஒற்றைச் சுருதி, கொஞ்சம் உருமி, ஓரிடத்தில் நாதஸ்வரம் என்று சேர்க்க நினைத்திருந்தான். அவற்றை வெட்டவும் ஒட்டவும் திருத்தவும் அவனுடைய திரையிலும் அடிகள் கோடுகளாகத் தெரிய வேண்டும். நான் உட்கார்ந்து போட்ட கோடுகளை அவன் மறுபடி முதலிலிருந்து போடுவதில் அர்த்தமில்லை. கியூபேஸின் சொந்த ஃபைலை லாஜிக் திறக்காது. ஸ்டூடியோக்களுக்கு இடையில் ஒலியைக் கொண்டுபோக ஓஎம்எஃப் என்ற முறை உண்டு. அது ஒலித்துண்டுகளையும் அவற்றின் இடங்களையும் சுமக்கும், டெம்போவைச் சுமக்காது. டெம்போவைப் பொறுத்தவரை இரண்டுக்கும் நன்றாகத் தெரிந்த பாஷை அந்த 1988ஆம் வருஷத்து மிடி ஃபைல்.

ஒலியை நள்ளிரவு டேட்டாவில் ஏற்றினேன். எங்கள் நாட்டில் அப்போது அந்த நேரத்து டேட்டா தனிக்கணக்கு, செலவு குறைவாக இருந்தது. மிடி ஃபைலுக்கு அந்தக் காத்திருப்பே வேண்டாம். லயத்து மேட்டில் ஒரு கோடு சிக்னல் இருந்தாலும் போய்விடும்.

போன ஃபைல் போன மாதிரியே திறந்துகொள்ளும் என்று நினைப்பவர்களுக்காகச் சில விஷயங்களை விரிவாகச் சொல்கிறேன். முதலாவது, வேகம் இறங்குகிற இடம். காமன் எரிந்து முடிந்ததும் வீரபத்திரனின் ஓட்டம் சில அடிகளுக்குள் ரதியின் புலம்பலுக்கு இறங்கும். மென்பொருளில் இதை ஒரு சரிவுக் கோடாக வரையலாம். மிடி ஃபைலுக்குச் சரிவு என்பதே கிடையாது, படிகள்தான் உண்டு. இந்த இடத்திலிருந்து இந்த வேகம், அடுத்த இடத்திலிருந்து அந்த வேகம், அவ்வளவே அது எழுதும். இது எந்த மென்பொருளின் குறையும் இல்லை, அந்த ஃபைல் வகையின் அமைப்பு. சரிவாக வரைந்ததைப் படியாக மாற்றும்போது சில ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கன் அங்கங்கே சிந்தினால், அதற்குப் பிறகு வரும் புலம்பல் முழுவதும் கோட்டை விட்டு விலகி நிற்கும். அதனால் சரிவைக் கைவிட்டு அடிக்கு ஒரு படியாக வைத்தோம். தப்பு அடிப்பதும் படிப் படியாகத்தானே. படிகள் அடியின் மேலேயே விழுவதால் இன்னொரு லாபமும் உண்டு. கியூபேஸ் கால்சுரத்தை 480ஆகவும் லாஜிக் 960ஆகவும் வெட்டிக் காட்டும். அடி மேல் விழுகிற மாற்றம் எத்தனையாக வெட்டினாலும் அடி மேலேயே நிற்கும்.

இரண்டாவது, எண்ணிக்கை. இந்த நடை ஆறு எண்ணிக்கை, மும்மூன்றாக இரண்டு அடி. புலம்பலின் வேகம் நிமிடத்துக்கு 64 என்று மாமாவின் விரலைப் பார்த்து நான் சொன்னேன். மச்சானின் திரையில் 96 என்று காட்டியது. இரண்டும் சரி. மாமாவின் ஒரு அடிக்குள் மூன்று எண்ணிக்கை. மிடி ஃபைலின் கால்சுரத்துக்குள் இரண்டுதான். 64இல் ஒன்றரைப் பங்கு 96. இதைப் போனில் பேசித் தெளிவாக்காமல் விட்டால், ஒருவர் ஒரு நடையிலும் மற்றவர் இன்னொரு நடையிலும் வேலை செய்துகொண்டிருப்பார்கள். அதனால் டெம்போவோடு ஆறுக்கு எட்டு என்ற தாளக் குறியையும் ஃபைலில் சேர்த்தே அனுப்பினேன்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஒலியும் மேப்பும் ஒரே பூச்சியத்திலிருந்து தொடங்க வேண்டும். மிடி ட்ராக்கில் முதல் அடியிலும் கடைசி அடியிலும் பேருக்கு, சத்தம் கேட்காத ஒரு சுரம் வைத்தேன். சுரமே இல்லாத ஃபைலை முன்னும் பின்னும் நறுக்கிவிடும் மென்பொருள்கள் உண்டு. இறக்கும்போது ‘டெம்போவையும் எடுத்துக்கொள்ளவா?’ என்று லாஜிக் கேட்கும். ஆம் என்று சொல்ல வேண்டும்.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு சோதனை. என் பக்கத்துக் கிளிக்கை ஒலியாகவே பதிந்து அனுப்பியிருந்தேன். மச்சான் அதை இறக்கி, தன் பக்கத்துக் கிளிக்கையும் சேர்த்து ஓடவிட்டான். இரண்டும் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தால் ஒரே ‘டிக்’. ஒரு துளி விலகினாலும் ‘டிடிக்’ என்று இரட்டையாகக் கேட்கும். போனை ஸ்பீக்கரில் போட்டு ஒன்பது நிமிடமும் இருவரும் பேசாமல் கேட்டோம். வீரபத்திரன் இறங்கி, காமன் எரிந்து, புலம்பல் தொடங்கி, கடைசி அடி வரைக்கும் ஒற்றை ‘டிக்’தான். “சரிடா, நிக்குது” என்றான்.

அத்தை பாடிய அன்று மச்சான் என்னையும் வீடியோ காலில் வைத்துக்கொண்டான். அத்தைக்கு ஹெட்போனில் கிளிக் கொடுக்கவில்லை, தப்பை மட்டும் கொடுத்தான். தப்பு காதில் விழுந்ததும் அத்தை முகத்தை முந்தானையால் ஒரு தடவை துடைத்துக்கொண்டார். முதல் தடவை பாடவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டாம் தடவை ரதியின் புலம்பல் வந்தபோது தொடங்கினார். இங்கே நாங்கள் அறிந்த பாட்டு அடிகள் முடிந்த இடத்தில் அவர் முடிக்கவில்லை. இன்னும் ஒன்றரை அடி போயிற்று. அது முடிந்த இடம், மாமா விரலைத் தூக்கிக் காத்திருந்த இடம். அத்தை அங்கே நீளமாக மூச்சு வாங்கினார். தப்பும் காத்திருந்தது. இருவரும் அடுத்த சுற்றில் ஒன்றாக இறங்கினார்கள்.

மச்சான் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, “அம்மா, இங்க நிப்பாங்கன்னு எப்படித் தெரியும்?” என்று கேட்டான். “எங்கப்பா மூச்சு வாங்குற எடம்டா அது. அங்க நிக்காம எப்படி?” என்றார் அத்தை.

பாட்டின் அந்த ஒன்றரை அடி எங்கள் தோட்டத்திலிருந்து போய்ப் பல வருஷம். அதைப் பாடியவரும் இல்லை, அவருக்கு அடித்தவரும் இல்லை. ஆனாலும் அவர் மூச்சு வாங்குவதற்கான இடத்தை இங்கே தப்புக்காரர்கள் விடாமல் வைத்திருந்தார்கள். எதற்கென்று தெரியாமலே வைத்திருந்தார்கள். என் திரையில் அந்த இடங்களில் டெம்போக் கோடு திடீரென்று பள்ளமாக இறங்கி மறுபடி ஏறும். வேறு எவராவது அதைப் பார்த்திருந்தால் கைப்பிசகு என்று நினைத்து நிரவியிருப்பார்கள். மென்பொருளிலேயே அதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அமுக்கினால் எல்லாப் பள்ளமும் ஒரே வினாடியில் சமமாகும். கிளிக்குக்கு அடிக்க வைத்திருந்தால் பள்ளமே விழுந்திருக்காது. அத்தை பாட வரும்போது மூச்சு வாங்க இடம் இருந்திருக்காது.

இதைத்தான் நான் இந்தத் தொழிலில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்து அச்சில் வைத்தார்கள். அதனால் சொற்கள் பிழைத்தன. நடை தாளில் ஏறவில்லை. இப்போது அதை ஏற்ற வழியிருக்கிறது. ஏழு கிலோபைட்டுக்கு மேல் இடமும் கேட்காது.

2023இல், எங்கள் சனம் மலைநாட்டுக்கு வந்து இருநூறு வருஷம் ஆனதையொட்டி, மலையகம் 200 என்று பல இடங்களில் பேச்சு நடந்தபோது, தப்புப் பதிவு கேட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். லுணுகலையிலிருந்து வந்த ஒரு பையன் எஃப்எல் ஸ்டூடியோ வைத்திருந்தான். மடுல்சீமைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை ரீப்பர். ஆளுக்கொரு மென்பொருள். அதே வருஷத்தில் பிட்விக், பிரீசோனஸ் கம்பெனிக்காரர்கள் சேர்ந்து ஒலி, டெம்போ, மிக்ஸிங் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோகும் புதிய ஃபைல் முறை ஒன்றை வெளியிட்டார்கள். நல்ல முயற்சி, ஆனால் எல்லா மென்பொருளும் அதை இன்னும் ஏற்கவில்லை. அதனால் அந்தப் பிள்ளைகளுக்கும் பழைய முறையில்தான் கொடுத்தேன்: பூச்சியத்திலிருந்து தொடங்கும் ஒலி, மிடி ஃபைல், கிளிக்கின் ஒலி, ஆறு எண்ணிக்கையையும் கால்சுரக் கணக்கையும் விளக்கித் தமிழில் எழுதின ஒரு பக்கக் குறிப்பு. கூடவே, அடித்த நான்கு பேரின் பெயர்களையும் அந்தக் குறிப்பில் முதல் வரியாக எழுதினேன். அது இல்லாமல் எவருக்கும் கொடுப்பதில்லை.

மாமாவுக்கு அத்தையின் பாட்டைப் போனில் போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல், ரதி கட்டுகிற பையனை அடுத்த நாளே கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். பையன் அந்த ஒன்றரை அடியைப் போனிலேயே திரும்பத் திரும்பக் கேட்டுப் படித்துக்கொண்டான். அடுத்து வந்த மாசியில் பொட்டலில் அதைப் பாடவும் செய்தான். பாட்டு ஆளிடம் போய்ச் சேர்ந்த பிறகு அவனுக்கு மேப்பும் வேண்டாம், கம்பியூட்டரும் வேண்டாம்.

எனக்கும் மச்சானுக்கும் வேலை இன்னும் இருக்கிறது. ரதியும் மதனும் கல்யாணம் முடிக்கிற பகுதியில் எங்கள் தோட்டத்தில் பாட்டும் இல்லை, அடியும் இல்லை. அத்தைக்கு மட்டும் தெரிகிறது. தப்பு இல்லாமல் தனியாக அவர் அதைப் பாடி முடித்திருக்கிறார். இப்போது மச்சான் அவர் பாட்டின் மேல் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். இந்தத் தடவை மிடி ஃபைல் கூடலூரிலிருந்து பதுளைக்கு வரும். வந்ததும் இரண்டு கிளிக்கையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்ப்பேன். அப்புறம் மாமாவையும் மற்ற மூன்று பேரையும் கூப்பிட்டு, அத்தையின் குரலை மட்டும் காதில் போட்டு, அடிக்கச் சொல்ல வேண்டும்.